தெருவை அளந்துவிட்டு வண்டியைக் கட்டுங்கள்

மதுரை மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வீதி தேருக்காக இருக்கிறது. நம் ஊர்களில் அப்படி இல்லை. டீக்கடைத் தகரம், கேபிள் வயர், மூலைவீட்டு மாடிப்படி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் தெரு. அதற்குள் நுழைந்து, திரும்பி, வெளியே வரும் அளவுக்குத்தான் ஊர்வல அலங்கார வண்டியைக் கட்ட முடியும்.

சோழவந்தான் பக்கத்து ஊர்க்காரன் நான். முதல் வருடம் நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். டிராக்டர் டிரெய்லரில் முருகன், பின்னால் தோகை விரித்த மயில். அலங்காரக்காரர் வரைந்து காட்டிய படத்தில் அப்படி ஓர் அழகு. தோகை டிரெய்லரைத் தாண்டி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி நீண்டிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. ஒரு மூலையில் திரும்பும்போது தோகை நுனி கேபிள் டிவி வயரில் மாட்டி இழுத்தது. வயர் கட்டியிருந்த மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நாலு செங்கல் பெயர்ந்து தெருவில் விழுந்தது. முளைப்பாரி தூக்கி வந்த பெண்கள் அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்திருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. அது கேபிள் வயர் என்பதால் தப்பித்தோம். கரண்ட் வயராக இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், மயிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

வடம் பிடித்து இழுக்கும் பெரிய தேரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கு வேலை தெரிந்த ஸ்தபதிகளும் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் பரம்பரையாக இருக்கிறார்கள். டிராக்டர் டிரெய்லரிலோ மினி லாரியிலோ முதல்முறையாகக் கட்டப்போகும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன். பூப்பல்லக்கு, மின் அலங்காரச் சப்பரம், மாதா சப்பரம், சந்தனக்கூடு, பள்ளிக்கூடத்துக் குடியரசு தின வண்டி எதுவானாலும் சாமிதான் மாறும், ஆபத்து ஒன்றுதான்.

ஒரு மாதம் முன்பு: தெரு

படம் வரைவதற்கு முன் ஊர்வலம் போகும் பாதையை நடந்து பாருங்கள். பகலில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. ஒரு நோட்டில் பாதையை வரைந்து, குறுக்கே போகும் ஒவ்வொரு வயரையும், தாழ்ந்த மரக்கிளையையும், வேகத்தடையையும், சாக்கடை மூடியையும், சிறு பாலத்தையும் குறியுங்கள். பாலத்துக்குத் தனிக் கவனம் தேவை. வாய்க்கால் மேல் போட்ட பழைய பலகைக்கல் பாலம் மாட்டுவண்டியைத் தாங்கியிருக்கும், உங்கள் ஜெனரேட்டர் வண்டியைத் தாங்குமா என்பது வேறு விஷயம்.

திருப்பத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது. டிரெய்லரின் பின்சக்கரம் டிராக்டர் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வெறும் டிரெய்லரைப் பூட்டி எல்லா மூலையிலும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தேருக்கு வெள்ளோட்டம் விடுவதில்லையா, அதேதான். சக்கரம் போன தடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் இல்லையென்றால், ஊர்வலத்தன்று அந்த மூலையில் கயிறு கட்டி யாரையும் நிற்கவிடக் கூடாது. திரும்பவே முடியாத மூலை என்றால் பாதையை மாற்றுங்கள். ‘எங்க தாத்தா காலத்திலிருந்து இந்தத் தெரு வழியாத்தான்’ என்று ஒருவர் எழுந்து நிற்பார். தாத்தா காலத்தில் அந்தத் தெருவில் லைன் கம்பம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

வயர்

இதை மட்டும் அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் திரும்பும் இடத்தில் அதன் மேல்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டது. குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். வருடா வருடம் அதே தெருவில் போன தேர்தான். போன வருடம் தப்பித்தது இந்த வருடத்துக்கு ஆதாரம் ஆகாது. நடுவில் ரோடு போட்டிருப்பார்கள், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் தரை உயரும், வயர் அதே இடத்தில் இருக்கும். வெயிலிலும் அதிக லோடிலும் வயர் சூடேறித் தொய்யும். சித்திரை மாதத்து வயரும் மார்கழி மாதத்து வயரும் ஒரே உயரத்தில் இருக்காது.

தெருவின் குறுக்கே போகும் சாதாரண வீட்டு லைன் தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்திலும், 11 ஆயிரம் வோல்ட் லைன் 6.1 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது சுமார் 19 அடி, 20 அடி. விதி சொல்வதை நம்பி வண்டி கட்டாதீர்கள், நம் தெருக்களில் அதைவிடத் தாழ்ந்த வயர்கள் உண்டு. உங்கள் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள்: டிரெய்லர் தளம் மூன்றரை அடி, மேலே போட்ட மேடை மூன்று அடி, அதில் நிற்கும் ஆள் கையைத் தூக்கினால் ஏழு அடி. பதின்மூன்றரை அடி ஆகிவிட்டது, இன்னும் குடையும் வேலும் வரவில்லை. வண்டியின் உயரம் என்பது அலங்காரத்தின் உயரம் இல்லை, அதில் நிற்கிறவன் கையில் பிடித்திருக்கும் வேலின் நுனி வரை.

வயரை நீங்களே அளக்கப் போகாதீர்கள். டேப்பைத் தூக்கிப் பிடிப்பது, கம்பால் தொட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம். திட்டமிட்ட உயரத்துக்கு ஒரு பிவிசி பைப்பை வெட்டி, வயருக்குக் கீழே போகாமல் பத்துப் பதினைந்து அடி தள்ளி நட்டமாகப் பிடித்து, தூரத்திலிருந்து போனில் படம் எடுத்தால் எங்கெங்கே சிக்கல் என்று ஓரளவு தெரியும். மீதியை லைன்மேன் சொல்வார். குறைந்தது இரண்டு வாரம் முன்பே உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில், பாதை வரைபடம், வண்டியின் மொத்த உயரம், புறப்படும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எந்தத் தெருவில் எப்போது லைனை நிறுத்துவது, யார் யாரிடம் சொல்லி நிறுத்துவது என்பதை அங்கேயே பேசி முடிக்க வேண்டும். ஊர்வலத்தன்று லைன்மேன் கூடவே நடந்து வர வேண்டும். நிறுத்தியாகிவிட்டது என்று அவர் வாயால் சொன்ன பிறகே வண்டி அந்தத் தெருவுக்குள் நுழையலாம். தெருவிளக்கு அணைந்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேலே போகும் 11 ஆயிரம் வேறு லைன்.

அப்புறம், அந்தக் கவைக்கம்பு. வண்டி உச்சியில் ஒரு பையன் உட்கார்ந்து, கவைக்கம்பால் வயரைத் தூக்கிவிட்டுக்கொண்டே வருவது நம் பக்கம் பல ஊர்களில் வழக்கம். அந்தப் பையனுக்கு ஊரில் மரியாதையும் உண்டு. மூங்கிலில் கரண்ட் பாயாது என்பார்கள். பச்சை மூங்கிலிலும் நனைந்த மூங்கிலிலும் பாயும். உயரழுத்த லைனுக்குக் காய்ந்த மூங்கிலும் பாதுகாப்பு இல்லை. கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர் என்று தெரிந்தவற்றை முந்தின நாளே அந்தந்த ஆட்களைக் கூப்பிட்டு உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கவைக்கம்பு தேவைப்படும் உயரத்தில் வண்டி இருக்கிறது என்றால் வண்டி தப்பு.

பாதையில் ரயில்வே கேட் இருந்தால், மின்மயமான பாதைகளில் கேட்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும் உயரக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறுத்தியிருப்பார்கள். அதற்கு மேலே ஓடுவது 25 ஆயிரம் வோல்ட். கேட்டைத் தாண்டாத பாதையே நல்லது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து மிட்லண்டில் 2012 நவம்பரில், முன்னாள் ராணுவத்தினரை ஏற்றிய ஊர்வல லாரி தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி 4 பேர் இறந்தார்கள். ஊர்வல வேகத்தில் போகும் நீளமான வண்டி தண்டவாளத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வண்டியும் சட்டமும்

காவல் நிலையத்தில் அனுமதி வாங்கும்போது எத்தனை பேர் வண்டியில் ஏறுவார்கள் என்பதையும் எழுதிக் கேளுங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சாதாரணமாக விதிக்குப் புறம்பானது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் உண்டு, உழவில் திரும்புவதற்காக. ரோட்டில் இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்க்காமல் ஓட்டினால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுத்துக்கொள்ளும். டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது, இறக்கத்தில் அது டிராக்டரைத் தள்ளும். அதனால் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டையோடு ஆள் நடக்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, நம் டிரெய்லருக்குக் கட்டையாவது வேண்டாமா? டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்க்கும் பின்னைப் புதிதாக வாங்குங்கள், அதற்குப் பூட்டுப்பின்னும் போடுங்கள். கூடுதலாக ஒரு சங்கிலி. டயரில் காற்று, வீல் நட்டு எல்லாவற்றையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும்.

உயரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், தரையிலிருந்து எதுவும் போகக் கூடாது. ஆறடி அகலம் என்றால் பன்னிரண்டு அடி. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. கனமானதெல்லாம் கீழே, மேலே போகப்போக இலேசாக. ஸ்பீக்கர் பெட்டியை அழகுக்காக மேல்தட்டில் அடுக்காதீர்கள். தளத்தில் மணல் மூட்டை போட்டால் வண்டி தரையைப் பிடித்து நிற்கும்.

மேடையைத் தாங்கும் சட்டத்தை டிரெய்லர் தளத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். கயிறு மட்டும் போதாது. கட்டுக்கம்பியால் கட்டிய முடிச்சு ஸ்பீக்கர் அதிர்விலேயே தளரும், நைலான் கயிறு வழுக்கும். சவுக்குக்கும் மூங்கிலுக்கும் தேங்காய்நார்க் கயிறுதான் நன்றாகப் பிடிக்கும். வெல்டிங் என்றால் அங்கங்கே ஒரு பொட்டு மட்டும் வைத்து (டாக் அடித்து) விட்டுவிடுகிறார்களா என்று பெயிண்ட் அடிப்பதற்கு முன் பாருங்கள், பெயிண்ட் அடித்தபிறகு கண்டுபிடிக்க முடியாது. நாலு மூலையிலும் குறுக்குச்சட்டம் கட்டாயம். அது இல்லாத மேடை நேராக நிற்கும்போது கம்பீரமாக இருக்கும், வேகத்தடையில் ஏறும்போது சாய்சதுரமாகும்.

மேடையில் ஆள் ஏறுவதற்கு முன் மூட்டை ஏறட்டும். எட்டுப் பேர் ஏறுவதாக இருந்தால் ஆளுக்கு 75 கிலோ, ஆக 600. அதில் ஒன்றரை மடங்கு 900 கிலோ. சிமெண்டுச் சாக்கில் மணல் நிரப்பினால் ஒன்று சுமார் 50 கிலோ வரும், அப்படிப் பதினெட்டு மூட்டையை ஒரு ராத்திரி அடுக்கி வையுங்கள். காலையில் எந்தச் சட்டமாவது வளைந்திருந்தால், எந்த முடிச்சாவது இறங்கியிருந்தால் பிரித்துக் கட்டுங்கள். 2017-இல் ரியோ டி ஜெனிரோ கார்னிவலில், பல லட்சம் செலவழித்துக் கட்டிய அலங்கார வண்டி ஒன்றின் மேல்தட்டு, ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே இடிந்து இறங்கியது. நிற்கிற ஆளின் எடை வேறு, தாளத்துக்குக் குதிக்கிற ஆளின் எடை வேறு.

விளக்கும் நெருப்பும்

சீரியல் செட்டை நேராக ஜெனரேட்டரில் சொருகி, ஜாயிண்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி, இரும்புச் சட்டத்தில் கட்டுவதுதான் வழக்கம். ஒரு வருடம் எங்கள் ரேடியோ செட்டுக்காரர் அப்படிக் கட்டியதில், அழகர் வேடம் போட்டவர் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சியதும் வண்டியைத் தொட்டவர்களுக்கெல்லாம் சுரீர் என்றது. பக்தி மிகுதி என்று முதலில் நினைத்தோம்!

இப்போது நாங்கள் 12 வோல்ட் எல்ஈடி பட்டைகளுக்கு மாறிவிட்டோம். லாரி பேட்டரியில் எரியும், தொட்டால் ஷாக் அடிக்காது. பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் தீப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு வரிசைக்கும் ஃபியூஸ் உண்டு. ஜெனரேட்டர்தான் வேண்டும் என்றால் கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் ஒரு பல்பும் எரியக் கூடாது. எர்த் இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும், டெஸ்ட் பட்டனை உங்கள் கண்முன் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் தனி வண்டியில் வரட்டும். அதன் புகை மேடைக்குள் போனால், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தலைசுற்றும், மயக்கமும் வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் டீசல் ஊற்றக் கூடாது.

தெர்மாகோல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெட்டுவதற்கு எளிது, விலை குறைவு, எல்லோருக்கும் பிடிக்கும். பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டும் ஒவ்வொரு துளியும் நெருப்பு. அதனால் வெல்டிங் வேலை முழுக்க முடிந்து, பொறி பட்ட இடமெல்லாம் ஆறிய பிறகே தெர்மாகோலும் துணியும் வண்டிக்குப் பக்கத்தில் வரலாம். சூடம் காட்டுவது, தீபாராதனை எல்லாம் தரையில் நின்று. தட்டை மேலே வாங்கி வண்டியில் வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கேஸ் பலூன் கட்ட வேண்டாம், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். ஜிகினாத் தாள் பறக்கவிடும் பேப்பர் பிளாஸ்டும் வேண்டாம், அந்தத் தாள் வயரில் போய் விழுந்தால் ஷார்ட் ஆகும். சரவெடி வைக்கிறவர்கள் வண்டிக்கு வெகுதூரம் முன்னால் போகட்டும். வண்டியின் முன்னும் பின்னும் ஒவ்வொரு தீயணைப்பான் இருக்க வேண்டும், எல்லா வகைத் தீக்கும் ஆகிற பவுடர் சிலிண்டர் போதும். பின்னை உருவி அழுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் அதனால் பிரயோஜனம்.

ஏறுகிறவர்களுக்கு

கைப்பிடிக் கம்பி மூன்றரை அடி உயரம் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் இடுப்பில் தட்டிக் குப்புற விழுவோம். பூச்சுற்றிய மூங்கில் கைப்பிடி ஆகாது. ஏணி பின்பக்கம், வண்டி நின்றபிறகுதான் ஏற்றமும் இறக்கமும். டிராக்டர் மட்கார்டிலும், டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் இருக்கும் கம்பியிலும் யாரும் உட்காரக் கூடாது. அங்கே விழுந்தால் சக்கரத்தின் முன்னால்தான் விழுவோம்.

வேடம் போட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகக் கஷ்டம். பங்குனி, சித்திரை வெயிலில் இரும்புத் தகடு சாயங்காலம் ஐந்து மணிக்கும் காலைச் சுடும். நனைத்த சாக்கு விரித்து, அதன் மேல் பிள்ளையை உட்காரவையுங்கள். வேல், கிரீடம் இரண்டையும் அட்டையில் செய்தால் கனம் இல்லை, கரண்டும் இல்லை. நாற்காலியைச் சட்டத்தோடு முடுக்கி, பிள்ளையின் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக. நெருப்பு வந்தால் அவிழ்க்க நேரம் இருக்காது. இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பின்னால் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தப் பிள்ளையையும் மேலே வைக்காதீர்கள், மாற்றுவதற்கு இன்னொரு முருகன் தயாராக இருக்கட்டும். ஊர்ப் பெரியவர் பேரன் என்பதற்காக மூன்று வயதுக் குழந்தையை ஏற்றச் சொல்வார்கள். ‘இறங்கி வரும்போது போட்டோ எடுத்துக்கலாம் ஐயா’ என்று சொல்லிச் சமாளியுங்கள்.

புறப்பட்ட பிறகு

வேகம் நடைவேகம். டிரைவர் குடித்திருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம்தான். அவருக்கு முன்னால் ஒரே ஒருவர் நடந்து சைகை காட்ட வேண்டும். போ, நில் எல்லாம் அவர் மட்டும்தான். நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் டிரைவர் யாரைக் கேட்பார்? ஸ்பீக்கர் சத்தத்தில் விசில் கேட்காது, எனவே சிவப்புத் துண்டு அல்லது டார்ச். யார் கை தூக்கினாலும் வண்டி நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதிவிலக்கு.

சக்கரத்தை மறைத்துப் பட்டுத்துணி தொங்கவிடுகிறோம், பிள்ளைகளுக்கு அங்கே சக்கரம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் ஆள் நடக்க வேண்டும். வண்டியிலிருந்து வாழைப்பழம் சூறை விடுவது, சாக்லேட் வீசுவது வேண்டவே வேண்டாம். பழம் உருண்டு போவது சக்கரத்தை நோக்கித்தான், பின்னாலேயே பிள்ளை போகும். கொடுப்பதைப் பக்கத்தில் நடந்து வருகிறவர் கையில் கொடுக்கட்டும்.

வயர் பட்டுவிட்டால் அல்லது அறுந்து வண்டி மேல் விழுந்தால், மேலே இருப்பவர்கள் மேலேயே இருக்க வேண்டும். தரையையும் வண்டியையும் ஒரே நேரத்தில் தொடுகிறவர்தான் சாகிறார். கீழே நிற்பவர்கள் வண்டியைத் தொடாமல், காலைத் தூக்காமல், தரையோடு சிறுசிறு அடியாகத் தேய்த்து விலக வேண்டும். வண்டி தீப்பற்றினால் மட்டும் மேலிருப்பவர்கள் இரண்டு காலையும் சேர்த்துக் கீழே குதித்து, வண்டியைத் தொடாமல் அப்படியே நகர வேண்டும். விழுந்தவரைத் தூக்கப் போனவர்களும் சேர்ந்து விழுந்த கதை நிறைய. லைன் நின்றதை உறுதிசெய்த பிறகுதான் தொடலாம். லைன்மேன் நம்பர், மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101 எல்லாம் குழுவில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

திரும்பி வரும்போது

சாமி இறங்கியதும் குழு கலைந்துவிடும். லைன்மேன் டீ குடிக்கப் போய்விடுவார், சக்கரத்துக்கு நடந்தவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போவார்கள், லைனைத் திரும்பப் போட்டிருப்பார்கள். அலங்காரம் முழுசாக நிற்கும் வண்டியை ஒரு டிரைவர் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்புவார். பின்னாலேயே பொடியன்கள் தொற்றிக்கொள்வார்கள். 2022-இல் ரியோவில், ஊர்வல அரங்கத்துக்கு வெளியே வந்துவிட்ட வண்டிக்கும் ஒரு கம்பத்துக்கும் நடுவில் சிக்கித்தான் 11 வயதுச் சிறுமி இறந்தாள்.

அதனால் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். ஊர்வலம் முடிந்த இடத்திலேயே முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, இரண்டு பேரைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். விடிந்ததும் அதே இடத்தில் மேலிருந்து கீழாகப் பிரியுங்கள். ஆணியை எல்லாம் ஒரு டப்பாவில் எண்ணிப் போடுங்கள், காலையில் அந்தத் தெருவில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நிறையப் பேர்.